நீச்சல் தெரியாதவர்கள் ஸ்கூபா டைவிங் செய்யலாமா, ஸ்நார்கெலிங்கோடு நிறுத்திக்கொள்ள வேண்டுமா?

செய்யலாம். ஸ்கூபா என்பது காற்றுச் சிலிண்டரை மாட்டிக்கொண்டு நீருக்கடியில் போவது, ஸ்நார்கெலிங் என்பது குழாயில் மூச்சு விட்டபடி மேலே மிதந்து கீழே பார்ப்பது. பயிற்சியாளர் உங்களை விட்டு நகராத அறிமுக டைவாக இருந்தால், உங்கள் உடம்பும் அதற்கு ஒத்துவந்தால், தாராளமாகச் செய்யலாம்.

நீச்சல் தெரியாது, வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, குடும்பத்தோடு தீவுக்குப் போகிறோம், ஸ்கூபா என்றால் பயம், ஸ்நார்கெலிங் மட்டும் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கே பதில் எழுதிய பலரும் ஸ்நார்கெலிங் எல்லோருக்கும் சுலபம், அதோடு விட்டுவிடுங்கள் என்கிறார்கள். அதைப் படித்த பிறகு எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. உங்கள் வீட்டிலும் "நீ கரையிலேயே உட்கார்ந்து பைகளைப் பார்த்துக்கோ" என்று யாராவது சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். எனக்குப் பல வருடம் அதைத்தான் சொன்னார்கள்.

முதலில் ஸ்நார்கெலிங். மேலே மிதப்பதால் அது ஆபத்து இல்லாதது என்று தோன்றும். ஆனால் ஹவாய் தீவுகளில் சுற்றுலாப் பயணிகள் நீரில் மூழ்கி இறக்கும் சம்பவங்களில் அடிக்கடி வரும் பெயர் ஸ்நார்கெலிங்தான். அங்கே இதற்கென்றே ஓர் ஆய்வு நடத்தினார்கள். பலர் தண்ணீரைக் குடித்து, கைகால் உதைத்துத் தத்தளித்து மூழ்கவில்லை, குழாய் வழியாகக் கஷ்டப்பட்டு மூச்சை இழுத்ததில் நுரையீரலில் நீர் கோத்து, சத்தமே இல்லாமல் மயங்கியிருக்கிறார்கள் என்று அதில் சொன்னார்கள். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களுக்கும் அது நடந்திருக்கிறது. கவிழ்ந்து படுத்து மீன் பார்க்கிற ஆளும் மயங்கிக் கிடக்கிற ஆளும் கரையிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். அதுதான் எனக்குப் பயம். ஒரு வழிகாட்டி, சுற்றிலும் சிதறிக் கிடக்கும் ஒரு கும்பல், யாருக்கு என்ன ஆகிறது என்று அவர் எப்படிப் பார்ப்பார்?

ஸ்நார்கெலிங் வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நானும் செய்கிறேன், எனக்கு மிகவும் பிடிக்கும். லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, ஆழம் குறைந்த இடத்தில், பக்கத்தில் ஒரு ஆளை வைத்துக்கொண்டு செய்யுங்கள். மூச்சு வாங்குவது போலத் தோன்றினால் அந்த நொடியே குழாயை வாயிலிருந்து எடுத்துவிட்டு மல்லாந்து மிதந்து கையை உயர்த்துங்கள். டைவிங் தெரிந்தவர்களும் சண்டைக்கு வர வேண்டாம். ஸ்கூபாவில் ஆபத்து இருக்கிறது, ஸ்நார்கெலிங்கில் இல்லாத வகை ஆபத்துகளும் இருக்கின்றன. நான் சொல்வது ஒன்றுதான்: நீச்சல் தெரியாத ஒருவர் மேல் அறிமுக டைவில் விழுகிற அளவு கவனம், கூட்டமாகக் கூட்டிப் போகும் ஸ்நார்கெலிங்கில் விழுவதில்லை.

டைவிங் பயிற்சியும் சான்றிதழும் தரும் பேடி (PADI) அமைப்பின் அறிமுக டைவ் 12 மீட்டருக்கு மேல் ஆழம் போகாது. பத்து வயதிலிருந்து அனுமதி. அதற்கு நீச்சல் தேர்வு கிடையாது. சான்றிதழ் படிப்புக்குத்தான் 200 மீட்டர் நீந்திக் காட்ட வேண்டும், பத்து நிமிடம் மிதந்தும் காட்ட வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பலர் "நீச்சல் தெரியாமல் முடியவே முடியாது" என்கிறார்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

ஐம்பதை நெருங்கும் வயதில் எனக்கு இந்த ஆசை வந்தது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். தீவில் இறங்கியதும் கணவரும் மகனும் ஒரு டைவ் கடையில் மூன்று பேருக்கும் பேசி முடித்துவிட்டார்கள். அங்கே ஒரு உடல்நலப் படிவம் கொடுத்தார்கள். இருதயம், ஆஸ்துமா, காது அறுவை சிகிச்சை, நுரையீரல், கர்ப்பம் என்று வரிசையாகக் கேள்விகள். 45 வயது தாண்டியவர்களுக்கு ரத்த அழுத்தம், கொழுப்பு, புகைப்பழக்கம் பற்றித் தனியாகக் கேள்வி. நான் ரத்த அழுத்தத்துக்கு "ஆம்" என்று குறித்தேன். மேஜையில் இருந்தவர் அதைப் பார்த்துவிட்டு வேறொரு வெற்றுப் படிவத்தை என் பக்கம் தள்ளினார். எல்லாவற்றுக்கும் "இல்லை" போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் டாக்டர் கையெழுத்து வேண்டும், உங்களுக்குத்தான் நேரம் வீண் என்றார்.

கணவரும், "மாத்திரைதான் ஒழுங்கா போடறியே, இல்லைன்னு போட்டுட்டு வா" என்றார்.

நான் போடவில்லை. அந்தப் படிவம் கடைக்காரருக்காக இல்லை. பத்து மீட்டருக்குக் கீழே என் நெஞ்சு படபடத்தால் பக்கத்தில் இருக்கிற பயிற்சியாளர் என்ன செய்ய வேண்டும் என்பதற்காக. அவரிடம் பொய் சொல்லிவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு கீழே போவது எனக்குச் சரியாகப் படவில்லை. அன்றைக்கு அவர்கள் இருவரும் டைவ் போனார்கள், நான் போகவில்லை. அறையில் கொஞ்சம் முகம் தூக்கல் இருந்தது, மறைக்கவில்லை.

மறுநாள் அங்கிருந்த ஒரு சிறிய கிளினிக்குக்கு நடந்து போனேன். டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்தார், நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார், காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊதச் சொல்லி, செவிப்பறை அசைகிறதா என்றும் பார்த்தார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தத் தாளோடு வேறொரு கடைக்குப் போனேன். அங்கே படிவத்தை ஒவ்வொரு வரியாகப் படித்தார்கள், எந்த மாத்திரை, எப்போதிலிருந்து என்று கேட்டார்கள். இவர்களோடு போகலாம் என்று அப்போதே முடிவு செய்தேன்.

இடுப்பளவு தண்ணீரில் முதலில் பழக்கினார்கள். சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டரை வைத்து மூச்சு விடுவது, அது வாயிலிருந்து நழுவினால் எடுத்துப் போட்டுக்கொள்வது, மாஸ்க்குக்குள் புகுந்த தண்ணீரை மூக்கால் ஊதி வெளியேற்றுவது. திரும்பத் திரும்பச் சொன்ன விதி ஒன்று: எந்தக் காரணம் கொண்டும் மூச்சை அடக்காதே. ஆழத்தில் இழுத்த காற்று மேலே வர வர விரியும். அடக்கிக்கொண்டு மேலே வந்தால் நுரையீரல் கிழியும், அதற்கு அதிக ஆழம்கூடத் தேவையில்லை. கைச்சைகைகளும் சொல்லிக் கொடுத்தார்கள். கட்டை விரலை உயர்த்தினால் "மேலே போகலாம்" என்று அர்த்தம். பழக்க தோஷத்தில் "நன்றாக இருக்கிறேன்" என்று அதைக் காட்டினால் உங்களை மேலே கொண்டுவந்து விடுவார்கள். நலம் என்று சொல்ல விரலை வளைத்து வட்டம் காட்ட வேண்டும்.

அப்புறம் காது. இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். கடல்மட்டத்தில் ஒரு மடங்கு இருக்கும் அழுத்தம் பத்து மீட்டரில் இரண்டு மடங்காகிவிடும். காற்றின் கன அளவு பாதியாகும். அடுத்த பத்து மீட்டரில் அந்த அளவுக்கு மாறாது. அதாவது விகிதத்தில் பார்த்தால் பெரிய மாற்றம் முழுக்க, நம்மைப் போன்ற புதியவர்கள் போகிற அந்த முதல் பத்து மீட்டரில்தான். நடுச்செவிக்குள் காற்றை அனுப்பிச் சமன் செய்யாவிட்டால் செவிப்பறை உள்பக்கம் இழுபடும், வலிக்கும், பிடிவாதமாகப் போனால் கிழியும். வலி வருவதற்கு முன்பே, அரை மீட்டருக்கு ஒரு தடவையாவது, மூக்கைப் பிடித்து மெதுவாக ஊத வேண்டும். விழுங்கினாலும் தாடையை அசைத்தாலும் சிலருக்குத் திறக்கும்.

எனக்கு வலது காது திறந்தது, இடது காது திறக்கவில்லை. மூன்று மீட்டர் இருக்கும். காதைத் தொட்டுக் காட்டி, உள்ளங்கையை இப்படியும் அப்படியும் ஆட்டினேன். பயிற்சியாளர் என்னைக் கொஞ்சம் மேலே கொண்டுவந்து மறுபடி ஊதச் சொன்னார். திறக்கவில்லை. இன்னும் மேலே. அப்போதும் இல்லை. கட்டை விரலை உயர்த்தினேன். அவர் ஒரு வார்த்தை வற்புறுத்தவில்லை, மெதுவாக மேலே கூட்டி வந்துவிட்டார்.

படகில் ஏறியதும் மகன் மூக்கடைப்புச் சொட்டு மருந்தை நீட்டினான். பயிற்சியாளர் வேண்டாம் என்று தடுத்தார். மருந்தின் வேகம் கீழே இருக்கும்போது குறைந்துவிட்டால், மேலே வரும்போது உள்ளே விரிகிற காற்றுக்கு வெளியேற வழி இருக்காது, அது இன்னும் மோசம் என்றார். விமானத்தில் வந்ததிலிருந்து அந்தக் காது அடைத்தது போலத்தான் இருந்தது, கொஞ்சம் பொறுத்தால் சரியாகும் என்று விட்டுவிட்டோம்.

காசு போயிற்றே, எல்லோரும் நம்மால் காத்திருக்கிறார்களே என்று அந்த நேரத்தில் மனசு அடித்துக்கொள்ளும். உங்களுக்கும் அடித்துக்கொள்ளும். இன்னும் ஒரு மீட்டர் பல்லைக் கடித்துக்கொண்டு போய்விடலாம் என்று தோன்றும். போகாதீர்கள். அன்றைக்கு நான் விரலை உயர்த்தியதை, நான் முழுதாக முடித்த டைவை விடவும் பெருமையாக நினைக்கிறேன்.

காது திறந்ததும் மறுபடி போனேன். இந்தத் தடவை மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதியதும் இரண்டு பக்கமும் திறந்துகொண்டது. கீழே போனதும் ஏதோ நொறுக்குகிற சத்தம் கேட்டது. சிலிண்டரில் கோளாறோ என்று பயிற்சியாளரைப் பார்த்தேன், அவர் கையைக் காட்டினார். கிளிமீன்கள் பாறையைக் கடித்துக்கொண்டிருந்தன. பவளத்தின் சுண்ணாம்பைப் பாசியோடு சேர்த்துக் கடித்து அரைத்து மணலாக வெளியேற்றுகிற மீன் அது. நாம் நடக்கிற வெள்ளை மணலில் ஒரு பங்கு அதன் வயிற்றிலிருந்து வந்தது. பூப்போல விரிந்திருக்கும் கடல் சாமந்தி என்ற உயிரினத்துக்குள் இருந்த ஒரு கோமாளி மீன், என் விரல் நீளம்கூட இல்லை, தன் இடத்தைக் காக்க என் மாஸ்க்கை நோக்கிப் பாய்ந்து பாய்ந்து வந்தது. நான் பின்வாங்கினேன். ஆழத்தில் சிவப்பு நிறம்தான் முதலில் மங்கும் என்று படித்திருந்தேன். என் கையில் கட்டியிருந்த சிவப்புக் கயிறு பழுப்பாகத் தெரிந்தபோது அது புரிந்தது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக மாட்டேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் பரவாயில்லை. இந்தப் படகுகளில் பெண்கள் உடை மாற்ற ஏன் ஒரு மறைப்புகூட வைப்பதில்லை? நான் போன படகில் கழிப்பறையும் இல்லை. சிலிண்டர் வைக்க இடம் இருக்கிறது, கேமரா கழுவத் தனித்தொட்டி இருக்கிறது, ஒரு திரைச்சீலை கட்ட இடம் இல்லையா? இதனால் என்ன நடக்கிறது? காலையிலிருந்து பெண்கள் தண்ணீரே குடிப்பதில்லை. வெயிலில், உடம்பை ஒட்டிய வெட்சூட் என்ற டைவ் உடைக்குள் வியர்த்து, நாக்கு வறண்டு போய்க் கடலில் இறங்குகிறார்கள். டைவுக்கு முன் உடம்பில் நீர்ச்சத்து குறையக் கூடாது என்று அதே கடைக்காரர்கள்தான் பாடம் எடுக்கிறார்கள். என்னோடு வந்த ஒரு பெண் தலைவலியோடு திரும்பிப் போனார். கேட்டால் "யாரும் புகார் சொன்னதில்லை" என்கிறார்கள். கூச்சத்தில் யாரும் சொல்வதில்லை, அவ்வளவுதான். நீங்கள் பேசும்போதே கேளுங்கள்: படகில் கழிப்பறை உண்டா, உடை மாற்ற இடம் உண்டா. கேட்கிறவர்கள் கூடினால்தான் கட்டுவார்கள்.

மாஸ்க் பொருந்துகிறதா என்று பார்க்க, பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக இழுங்கள். கையை எடுத்தாலும் ஒட்டிக்கொண்டு நின்றால் சரி. முடி இடையில் மாட்டினால் தண்ணீர் கசியும், உங்கள் கணவருக்கு மீசை இருந்தால் அவருக்கும் கசியும். ஸ்நார்கெலிங்கில் முதுகும் முழங்காலின் பின்பக்கமும்தான் வெந்துபோகும், முழுக்கை நீச்சல் சட்டை போடுங்கள். வெயிலுக்குப் பூசும் களிம்பை நம்பி இருக்க வேண்டாம். ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் கலந்த களிம்புகளைப் பவளத்துக்குக் கேடு என்று ஹவாயில் 2021 முதல் விற்கத் தடை, பலாவ் என்ற தீவு நாட்டில் 2020 முதலே தடை.

தலையில் கண்ணாடிக் கூண்டு மாட்டிக் கடலடியில் நடப்பதும் ஒன்று உண்டு, தலை நனையாது என்று ஆசை காட்டுவார்கள். காது விஷயம் அதிலும் அதேதான், ஏமாறாதீர்கள்.

பவளத்தின் மேல் நிற்காதீர்கள். களைத்துப்போய் ஸ்நார்கெலிங் செய்கிறவர்கள் செய்கிற முதல் காரியம் அதுதான். உருண்டைப் பவளம் ஒரு வருடத்தில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். கடல் சூடானதில் உலகம் முழுக்கப் பவளம் வெளுத்துக்கொண்டிருக்கிறது என்று 2024இல் அறிவித்தார்கள். அதற்கு மேல் நம் காலும் வேண்டாம். படம் எடுக்க உங்களை அதன்மேல் உட்கார வைத்தால் மாட்டேன் என்று சொல்லிவிடுங்கள்.

பயணத் திட்டத்தில் ஒன்றை மாற்றிக்கொள்ளுங்கள். டைவைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். ஒரே ஒரு டைவ் என்றால் விமானம் ஏறக் குறைந்தது 12 மணி நேரம் இடைவெளி வேண்டும், ஒன்றுக்கு மேல் என்றால் 18. கடைசி நாளில் ஸ்நார்கெலிங்கை வைத்துக்கொள்ளலாம், அதற்கு இந்தக் கணக்கு கிடையாது. காது திறக்காமல் போனால் மறுபடி முயலவும் நடுவில் நாள் இருக்க வேண்டும். சளி பிடித்திருந்தால் டைவை விட்டுவிடுங்கள். அந்த உடல்நலப் படிவம் இணையத்தில் கிடைக்கும், இப்போதே எடுத்து நிரப்புங்கள். எதற்காவது "ஆம்" வந்தால், உங்களைத் தெரிந்த டாக்டரிடம் கிளம்புவதற்கு முன்பே காட்டிக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தீவில் போய்க் கிளினிக் தேடி அலைய வேண்டியிருக்காது.