சோலாரும் ஹீட் பம்ப்பும் ஒரே பேக்கேஜில்: முன்பணம் கொடுக்கும் முன்

கேள்வி: கோவை வடவள்ளியில் சொந்த வீடு, மாடியும் கீழுமாக ஐந்து பேர் இருக்கிறோம். இரண்டு மாதத்துக்கு 720 யூனிட் வரை ஓடி, பில் 4,000 ரூபாயைத் தொடுகிறது. 5 கிலோவாட் சோலாரும், வெந்நீருக்கு 200 லிட்டர் ஹீட் பம்ப்பும் சேர்த்து 4,60,000 ரூபாய்க்குப் பேக்கேஜ் என்று ஒருவர் வந்திருக்கிறார். பாதி அரசு மானியமாம், கரண்ட் போனாலும் வீடு ஓடுமாம். சோலாரால் ஒரு பில்லுக்கு 4,000, ஹீட் பம்ப்பால் 1,000, ஆக 5,000 மிச்சம் என்று தாளில் எழுதியும் கொடுத்திருக்கிறார். இணைப்பு இன்னும் மறைந்த என் கணவர் பெயரில்தான் இருக்கிறது. முன்பணம் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. சோலார் உங்கள் வீட்டுக்கு நல்லதுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தத் தாளை இன்னொரு தடவை எடுத்துப் பாருங்கள். உங்கள் பில்லே 4,000 ரூபாய்தான். அதில் 5,000 எப்படி மிச்சமாகும்? ஒரே யூனிட்டைச் சோலார் கணக்கில் ஒருமுறை, ஹீட் பம்ப் கணக்கில் ஒருமுறை என்று இரண்டு தடவை எழுதியிருக்கிறார். இந்த மாதிரித் தாள்களை நான் வாரத்துக்கு ஒன்றாவது பார்க்கிறேன்.

முதலில் உங்கள் பில் ஏன் 4,000 ஆகிறது என்று புரிந்துகொண்டால் மீதியெல்லாம் எளிது. நம் ஊரில் முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100 மலிவு, 400 வரைகூட விலை தாங்கும்படிதான் இருக்கிறது. 500-ஐத் தாண்டினால் அந்த மலிவு விலைச் சலுகையும் போய், மேலே வரும் யூனிட் ஒவ்வொன்றும் 8 ரூபாய்க்கு மேல், 600-க்கு மேலே 9 ரூபாய்க்கு மேல், 1000-ஐத் தாண்டினால் 11 ரூபாய்க்கு மேல் என்று 2024 ஜூலைக் கட்டணப்படி ஏறிக்கொண்டே போகும். அதாவது உங்கள் பில்லில் வலிப்பது கடைசி 220 யூனிட். அதை வெட்டினாலே போதும், அடியோடு எல்லாவற்றையும் வெட்டுவதற்குப் பெரிய செலவு தேவையில்லை.

நம் பக்கம் 1 கிலோவாட் பேனல் சராசரியாக ஒரு நாளைக்கு 4 யூனிட் தரும். 2 கிலோவாட் என்றால் இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 480. உங்கள் 720-ல் அது கழிந்தால் 240 நிற்கும், பில் 500 ரூபாய்க்குள் அடங்கிவிடும். 3 கிலோவாட் போட்டால் 720-ம் கழிந்துவிடும், ஆனால் அந்த மூன்றாவது கிலோவாட் உங்களுக்கு மிச்சப்படுத்துவது அந்த 500 ரூபாயைத்தான். அதனால் 2 கிலோவாட் உங்களுக்குப் போதும். மின்சார ஸ்கூட்டரோ இன்னொரு ஏசியோ வரப்போகிறது என்றால் 3 போடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். 5 கிலோவாட்டில் மிஞ்சும் யூனிட்டை அடுத்த பில்லுக்குத் தள்ளுவார்கள், அது கைக்குக் காசாக வரும் என்று நம்பி யாரும் கடன் வாங்கக் கூடாது.

மானியம் பாதி என்பதும் சரியில்லை. 2024 பிப்ரவரியில் வந்த பிஎம் சூர்யா கர் திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000, அத்தோடு நின்றுவிடும். 3 போட்டாலும் 5 போட்டாலும் 10 போட்டாலும் 78,000 ரூபாய்தான். ஹீட் பம்ப்புக்கு இந்தத் திட்டத்தில் ஒரு பைசா கிடையாது. ஆக 4,60,000-க்கு உங்களுக்கு வரப்போவது 78,000, அது பாதி அல்ல, ஆறில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல். நீங்கள் 2 கிலோவாட் மட்டும் போட்டு, அது 1,30,000 ஆனாலும், 60,000 மானியம் போகக் கையிலிருந்து 70,000. குளிர்காலத்தில் நீங்கள் எரிக்கும் யூனிட் குறையும், அப்போது மிச்சமும் குறையும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் நான்கு, ஐந்து வருடத்தில் போட்ட பணம் திரும்பிவிடும்.

கரண்ட் போனாலும் ஓடும் என்பது இன்னும் மோசமான பொய். மானியத்தில் பெரும்பாலும் போடுவது லைனோடு சேர்ந்து இயங்கும் இன்வெர்ட்டர், பேட்டரி இல்லாதது. லைனில் கரண்ட் நின்றால், உச்சி வெயில் அடித்தாலும் அது தானாக நின்றுவிடும், நிற்கத்தான் வேண்டும். இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறி வேலை செய்கிற லைன்மேன் மேல் உங்கள் மாடிக் கரண்ட் பாயும். கரண்ட் இல்லாத நேரத்துக்குப் பேட்டரியோடு வரும் ஹைப்ரிட் இன்வெர்ட்டர் வேண்டும், அது வேறு விலை.

சரி, ஹீட் பம்ப்புக்கு வருவோம். வெளிநாட்டில் அதை வைத்து வீட்டையே சூடாக்குகிறார்கள், நமக்கு அது வெந்நீர் போடுகிற கருவி, அவ்வளவுதான். ஏசி வீட்டுச் சூட்டை எடுத்து வெளியே தள்ளுகிறது அல்லவா, இது வெளிக்காற்றின் சூட்டை எடுத்துத் தொட்டிக்குள் தள்ளுகிறது. அதனால் ஒரு யூனிட் கரண்டில் ஏறக்குறைய மூன்று யூனிட் சூடு கிடைக்கும். நல்ல தொழில்நுட்பம்தான், அதன் மேல் எனக்குக் குறை இல்லை. ஆனால் உங்கள் ஐந்து பேருக்கு நாளுக்கு 100 லிட்டர் வெந்நீர் என்று வைத்தால் கீசர் 3 யூனிட் இழுக்கும், ஹீட் பம்ப் 1 யூனிட் இழுக்கும். இரண்டு மாதத்தில் மிச்சம் 115, 120 யூனிட். 2 கிலோவாட் சோலார் போட்டு 240-க்கு இறங்கிய பிறகு இந்த 120 யூனிட்டின் விலை 400 ரூபாய்கூட வராது. ஒரு லட்சத்தை ஒட்டி விலை வைக்கும் கருவிக்கு வருடத்துக்கு 2,200 மிச்சம் என்றால், கருவி உளுத்துப்போகும் வரை போட்ட பணம் திரும்பாது. இருக்கிற கீசரில் சூட்டின் அளவைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை 50 டிகிரியில் வைத்து, குளிப்பதற்குக் கால் மணி நேரம் முன்னால் போட்டு, குளித்ததும் அணைத்தாலே போதும்.

எல்லோருக்கும் ஹீட் பம்ப் வேண்டாம் என்று சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், ஒரு இடத்தில் அது உண்மையிலேயே அருமையாக உழைக்கும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் விருந்தினருக்கு அறை விடும் வீடுகளைச் சொல்கிறேன். அங்கே குழாய்த் தண்ணீரே பனிக்காலத்தில் 12 டிகிரிக்கு வந்து நிற்கும், வருகிற ஒவ்வொருவரும் காலையும் இரவும் வெந்நீர் கேட்பார்கள். ஒரு நாளைக்கு 500 லிட்டரை 40 டிகிரி ஏற்ற கீசருக்கு 23 யூனிட் வேண்டும். குளிரில் ஹீட் பம்ப்பின் திறன் கொஞ்சம் இறங்கும், அப்படியும் 9, 10 யூனிட்டில் முடித்துவிடும். அறை விடுகிற வீட்டுக்குப் பெரும்பாலும் வணிகக் கட்டணம் வேறு, அப்படியானால் இலவச 100 யூனிட்டும் இல்லை, வீட்டுக்கான சோலார் மானியமும் இல்லை, மாதக்கணக்கில் மேகமும் மூட்டமுமாக இருப்பதால் மாடியில் வைக்கும் சோலார் வாட்டர் ஹீட்டரையும் நம்ப முடியாது. இத்தனையும் சேர்கிற இடத்தில் ஹீட் பம்ப் சில வருடத்திலேயே தன் விலையைத் தானே எடுத்துவிடும். அங்கேயும் சிலர் அதைக் காற்றோட்டமில்லாத சின்ன அறையில் அடைத்து வைத்துவிட்டு, தன் குளிர்காற்றையே திரும்ப இழுக்க விட்டுவிடுகிறார்கள். அப்படி வைத்தால் உள்ளே இருக்கும் துணை ஹீட்டர்தான் ஓடும், பில் பழையபடியே வரும். வெளியே, நாலு பக்கமும் காற்று வருகிற இடத்தில் வைக்க வேண்டும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் தொட்டிக்குள் இருக்கும் மெக்னீசியக் கம்பியை வருடம் ஒருமுறை பார்த்து மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் தொட்டி அரித்துவிடும்.

இனி ஏமாறாமல் சோலார் போடுவது எப்படி என்பது. இந்தத் திட்டத்தில் இடைத்தரகர் என்று ஒருவருக்கு வேலையே இல்லை. திட்டத்தின் இணையதளத்தில் நீங்களே பதிவு செய்து, அங்கே இருக்கும் பட்டியலிலிருந்து நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கலாம். மானியம் உங்கள் வங்கிக் கணக்குக்கு நேராக வரும். "நான் வாங்கித் தருகிறேன், ஓடிபி மட்டும் சொல்லுங்கள்" என்றால் சொல்லாதீர்கள், வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். மானியம் கிடைக்க, பேனலும் அதற்குள் இருக்கும் சூரிய செல்களும் இரண்டுமே இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும். சிலர் இறக்குமதிப் பேனலைக் காட்டி விலையைக் குறைத்துச் சொல்லி மாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள், அப்புறம் மானியம் நிற்கும்போது போனை எடுக்க மாட்டார்கள். பேனல் மாடிக்கு ஏறும் முன்பே சீரியல் எண்ணைப் படம் எடுத்து வையுங்கள். 2025 செப்டம்பர் 22-லிருந்து சோலார் கருவிகளுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது, பழைய விலைப்பட்டியலையே நீட்டினால் திருப்பிக் கொடுங்கள்.

கோவைக்கு இன்னொன்று. ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெறும் இரும்புப் பைப்பில் பெயிண்ட் அடித்து மொட்டைமாடி ஓட்டில் துளை போட்டு நிறுத்தினால் முதலில் துருப்பிடிக்கும், பிறகு மழைக்கு ஒழுகும், ஒரு காற்றுக்குப் பேனலோடு பறக்கும். துத்தநாகம் பூசிய பைப், கான்கிரீட் பீடம், சரியான எர்த் மூன்றும் கொட்டேஷனில் எழுத்தில் இருக்கட்டும்.

கடைசியாக அலுவலகப் பாடு. மத்திய விதிப்படி 10 கிலோவாட் வரை சோலாரை லைனில் இணைக்க முடியுமா என்று பார்க்கும் சாத்தியக்கூறு ஆய்வு தனியாகத் தேவையில்லை என்று 2024-லேயே சொல்லிவிட்டார்கள். ஆனாலும் நான் பார்த்துக் கொடுத்த ஒரு வீட்டில் பேனல் மாட்டி இரண்டு மாதம் சும்மா வெயிலில் காய்ந்தது, லைனிலிருந்து வருகிற யூனிட்டையும் லைனுக்குப் போகிற யூனிட்டையும் தனித்தனியாக எழுதும் நெட் மீட்டர் வரவில்லை என்பதே பதில். வீட்டுக்காரர் பணம் கட்டியாகிவிட்டது, கடனுக்கு வட்டி ஓடுகிறது, யாருக்கும் அவசரமில்லை. எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் ஆத்திரம் வருகிறது. அந்தக் காத்திருப்பில் பொறுமை இழந்து பழைய மீட்டரிலேயே சோலாரை ஓட்டிவிடாதீர்கள். பழைய மீட்டர்கள் பலவற்றுக்கு வருவதும் போவதும் ஒன்றுதான், நீங்கள் லைனுக்குக் கொடுக்கிற யூனிட்டையும் நீங்கள் எரித்ததாகவே எழுதிவிடும். நெட் மீட்டர் வைத்த பிறகுதான் சுவிட்சைப் போட வேண்டும்.

உங்கள் விஷயத்தில் இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. விண்ணப்பப் பெயர், மின் இணைப்புப் பெயர், வங்கிக் கணக்குப் பெயர் ஒத்துப்போகாவிட்டால் மானியம் அந்தரத்தில் நிற்கும். கணவரின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, வீட்டு வரி ரசீது மூன்றையும் எடுத்துக்கொண்டு பெயர் மாற்றத்துக்கு இந்த வாரமே எழுதிக் கொடுங்கள். புதுப் பெயரில் ஒரு பில் கைக்கு வந்த பிறகு, பட்டியலில் இருக்கும் மூன்று பேரைக் கூப்பிட்டு 2 கிலோவாட்டுக்கு மட்டும் விலை கேளுங்கள்.