சுட்டது தெரியவில்லை, முதுகுவலி மட்டும் ஓயவில்லை: ஏன்?

கேள்வி: பதற்றமான நேரங்களில் என் உடம்பு யாருடையதோ போல ஆகிவிடுகிறது. போன மாதம் வீட்டில் ஒரு பெரிய சண்டைக்குப் பிறகு துணி தேய்த்துக்கொண்டிருந்தேன். மணிக்கட்டில் கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் சுட்டதே தெரிந்தது. பல் மருத்துவரிடம் போனாலும் இதே கதை, தூரத்திலிருந்து என்னையே பார்ப்பது போலிருக்கும். ஆனால் முதுகுவலி மட்டும் பல வருடங்களாக விடவில்லை. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்கிறார்கள். சூடு பட்டதே தெரியாதவளுக்கு முதுகு மட்டும் எப்படி வலிக்கும் என்று வீட்டில் கேட்கிறார்கள். நான் என்ன செய்ய?

பதில்: வீட்டில் கேட்பது நியாயமான கேள்விதான், ஆனால் அதற்குள் இருக்கும் சந்தேகம் தவறு. நீங்கள் நடிக்கவில்லை. இந்த இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்து வருவதை வலி மருத்துவத்திலும் மனநல மருத்துவத்திலும் பார்க்கிறோம்.

நீங்கள் விவரிப்பது மனவிலகல், டிஸோசியேஷன் என்பார்கள். தாங்க முடியாத நேரத்தில் மனம் உடம்பிலிருந்து சற்றுத் தள்ளி நின்றுகொள்கிறது. காயம் அனுப்பும் செய்தி மூளைக்குப் போனதும் அங்கே ஒரே இடத்தில் வலியாக மாறிவிடுவதில்லை. எங்கே, எவ்வளவு என்று கணக்கெடுக்கும் பகுதி வேறு. ‘ஐயோ, எனக்கு நோகிறதே’ என்ற தவிப்போடு தொடர்புடைய பகுதி வேறு. 1997-இல் வெளியான ஓர் ஆய்வில், ஹிப்னாஸிஸ் நிலையில் இருந்தவர்களின் கையைச் சூடான நீரில் வைத்து, வலியின் தவிப்பு கூடுவதாகவும் குறைவதாகவும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். அதற்கேற்ப தவிப்போடு தொடர்புடைய பகுதியின் செயல்பாடு மாறியது; தொடு உணர்வைக் கணக்கெடுக்கும் பகுதியில் அப்படி மாற்றம் தெரியவில்லை. கெட்டமின் என்ற மயக்க மருந்து கொடுக்கப்பட்ட சிலரும், வலி எங்கோ நடப்பது போல இருந்தது என்பார்கள். இதோடு, கடும் அழுத்தத்தில் மூளைத்தண்டிலிருந்து முதுகுத்தண்டுக்கு ஓர் ஆணை இறங்கி, எண்டார்ஃபின் போன்ற உடம்பின் சொந்த வலிநிவாரணிகளின் உதவியோடு, வலிச் செய்தியை வழியிலேயே மட்டுப்படுத்துகிறது. சண்டைக்குப் பிறகு உங்கள் மணிக்கட்டு மரத்துப்போனதற்கு இவையெல்லாம் சேர்ந்து காரணமாக இருக்கலாம்.

சரி, முதுகு? மனம் தள்ளி நின்றாலும் உடம்பின் அபாயமணி அடித்துக்கொண்டேதான் இருக்கும். தசைகள் இறுகியே கிடக்கும், தூக்கம் கெடும். மணிக்கணக்காக ஒரே நிலையில் உட்கார்ந்திருப்போம். ‘கொஞ்சம் எழுந்திரு’ என்று உடம்பு கெஞ்சுவது காதில் விழாது. இப்படி வருடக்கணக்கில் போனால், வலியைக் கடத்தும் நரம்பமைப்பே கூர்மையாகிவிடக்கூடும். சின்னச் செய்தியும் பெரிதாகக் கேட்கும். இந்த மாற்றம் ஸ்கேனில் தெரியாது. ஸ்கேனில் தெரியாத வலி பொய் வலி ஆகிவிடாது.

ஆனால் எல்லாவற்றையும் மனதின் மேல் போட்டுவிடாதீர்கள். நிம்மதியாக இருக்கும் ஒரு நாளில் அந்த மணிக்கட்டைத் தொட்டுப் பாருங்கள். மனவிலகலால் வரும் மரப்பு பெரும்பாலும் மனநிலையோடு வந்து போகும். எப்போதும் ஒரே இடம் மரத்திருந்தால் நரம்புப் பாதிப்பு, நீரிழிவு, பி12 குறைபாடு ஆகியவற்றைப் பரிசோதிக்க வேண்டும். நடுவில் நினைவே அறுந்துபோகும் நிமிடங்கள் இருந்தால் வலிப்பு நோய் இல்லை என்றும் உறுதிசெய்ய வேண்டும்.

எனக்கு அதிகம் கவலை தருவது கொப்புளம்தான். வலியை நம்பி நாம் பல ஆபத்துகளிலிருந்து தப்பிக்கிறோம். அந்தக் காவல் உங்களுக்குச் சில நாட்களில் இருக்காது. அந்த நாட்களில் அடுப்பு, கத்தி, இஸ்திரிப் பெட்டி பக்கம் போகாதீர்கள். போக வேண்டி வந்தால், முடித்தபின் கைகளைக் கண்ணால் பாருங்கள். சுட்டிருந்தால் ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டுங்கள், கொப்புளத்தை உடைக்காதீர்கள். தோல் வெளுத்தோ கருகியோ இருந்தால் வலி இல்லையே என்று இருந்துவிடக் கூடாது. ஆழமான தீக்காயத்தில் நரம்பு முனைகளே அழிந்து வலி குறைவாக இருக்கும். உடனே மருத்துவமனை போங்கள்.

பல் மருத்துவரிடம் நாற்காலியில் சாயும் முன்பே சொல்லிவிடுங்கள்: ‘பயந்தால் எனக்கு வலி தெரியாமல் போய்விடும். நான் பேசாமல் இருந்தால் சரியாக இருக்கிறேன் என்று நினைக்காதீர்கள், அடிக்கடி நிறுத்திக் கேளுங்கள்.’ வயிற்றுவலி, நெஞ்சுவலி என்று போகும்போதும் இதைச் சொல்வது முக்கியம். ‘வலி பத்துக்கு எவ்வளவு?’ என்று மருத்துவர் கேட்டு நீங்கள் ‘இரண்டு’ என்றால், அதை வைத்தே அவசரமில்லை என்று அவர் முடிவெடுத்துவிடக்கூடும்.

மனதை உடம்புக்குத் திருப்பும் பயிற்சிகள் உண்டு: பாதம் தரையில் அழுந்துவதைக் கவனிப்பது, குளிர்ந்த நீரில் கை நனைப்பது, எதிரே தெரியும் பொருட்களைப் பெயர் சொல்வது. அமைதியான நேரத்தில் பழகுங்கள். முதுகில் தொடங்காதீர்கள், நோகாத இடத்தில் தொடங்குங்கள். உணர்வு திரும்பும்போது வலியும் கூடியதாகத் தோன்றலாம். அதனால் நோய் முற்றிவிட்டது என்று பயப்பட வேண்டாம், வேகத்தைக் குறைத்தால் போதும். பழைய அதிர்ச்சி ஏதாவது பின்னால் இருந்தால், அதில் பயிற்சி பெற்ற மனநல நிபுணரோடு மெதுவாகச் செய்வதே பாதுகாப்பு. முதுகுக்கான இயன்முறை சிகிச்சையும் கூடவே நடக்கட்டும்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்டுவிடுகிறேன். அந்த மரத்த நிலையை உடைக்க வேண்டுமென்றே உங்களைக் காயப்படுத்திக்கொள்ளத் தோன்றியிருக்கிறதா? சிலருக்குத் தோன்றும், அதில் வெட்கப்பட எதுவுமில்லை. அப்படியிருந்தால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்காமல் இன்றே மருத்துவரிடமோ, நம்பும் ஒருவரிடமோ சொல்லுங்கள்.