காட்டுப்பன்றியை வேட்டையாடலாமா? அதன் இறைச்சியைக் கெடாமல் வைப்பது எப்படி?

விளையில், அதாவது தோட்டத்தில், இறங்கும் காட்டுப்பன்றியை அடித்தால் இறைச்சியை எப்படிப் பக்குவம் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். ஊர் குமரி மாவட்டத்துக் கடையாலுமூடு பக்கம் என்கிறீர்கள். அப்படியானால் நிலம் பாட்டத்துக்கு (குத்தகைக்கு) எடுத்ததாக இருக்கும். கிழங்கு பிடிக்கும் பருவத்தில் காலையில் போய்ப் பார்த்தால் மரச்சீனியை (மரவள்ளியை) மூடு மூடாகப் புரட்டிப் போட்டிருக்கும். அந்த வயிற்றெரிச்சல் எனக்கும் உண்டு. மரச்சீனியும் ஏத்தன்வாழையும் நானும் போட்டிருக்கிறேன். அதற்கு மேல், பன்றி வளர்த்து அறுத்து விற்கும் குடும்பம் எங்களுடையது. அதனால்தான் இந்தக் கேள்வியைக் கடந்து போக முடியவில்லை.

அடிக்கக் கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப்பன்றி பாதுகாக்கப்பட்ட விலங்கு. அனுமதியில்லாமல் கொன்றால் மூன்றாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தானாகச் செத்துக் கிடந்தாலும் அது அரசின் சொத்து. வெட்டி எடுப்பதும் குற்றம், பங்கு வாங்குவதும் குற்றம். கேரளத்தில் 2022 முதல் பஞ்சாயத்துத் தலைவரே சுட அனுமதி கொடுக்கிறாரே என்று நம்மூரில் பலர் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அங்கும் சுட்ட பன்றியைப் புதைக்க வேண்டும், தின்ன முடியாது. இதைப் பாதிப்பேர் சொல்வதில்லை.

பன்றி வியாபாரி தன் கடை ஓட வேண்டும் என்பதற்காகச் சொல்கிறான் என்று யாராவது எழுதக்கூடும். எழுதட்டும். எங்கள் வீட்டு இறைச்சி கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் சொல்லிவைத்தால்தான் கிடைக்கும். காட்டுப்பன்றியோடு போட்டி போடும் நிலையில் நாங்கள் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பக்கத்து ரப்பர் விளையில் கைப்பிடிச் சுவர் இல்லாத பழைய கிணற்றுக்குள் ஒரு பெரிய ஆண்பன்றி விழுந்து செத்துவிட்டது. விடியும் முன்பு பால் வெட்டப் போனவர்தான் பார்த்திருக்கிறார். நான் போவதற்குள் கயிறு கட்டி மேலே ஏற்றிவிட்டார்கள். ஒருவர் கையில் வெட்டுக்கத்தி, இன்னொருவர் வாழையிலை அறுத்து விரித்துக்கொண்டிருந்தார். “அண்ணே, அறுக்கத் தெரிந்தவர் நீங்கள்தான், நீங்களே கை வையுங்கள்” என்றார்கள். முடியாது என்று சொல்லிவிட்டு வனத்துறைக்குப் போன் செய்தேன். அன்றிலிருந்து இரண்டு வீட்டார் என்னோடு பேசுவதில்லை. சட்டத்துக்குப் பயந்தவன் என்கிறார்கள். சட்டம் ஒரு காரணம் மட்டுமே. அந்த இறைச்சி இறைச்சியே அல்ல என்பது பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது.

பன்றி அறுப்பில் முதல் அரைமணி நேரம்தான் எல்லாம். முந்தின நாள் தீனியை நிறுத்தித் தண்ணீர் மட்டும் கொடுக்க வேண்டும். குடல் காலியாக இருந்தால்தான் வயிறு திறக்கும்போது கிழியாது. ஓடவிட்டு, அடித்து, மிரட்டி அறுத்தால் இறைச்சி நிறம் மாறும், சுவை கெடும். இரத்தம் முழுவதும் வடிய வேண்டும். மயிர் சுரண்டக் கொதிக்கிற தண்ணீர் ஊற்றுவார்கள் சிலர். தோல் வெந்து மயிர் இறுகிப்போகும். அறுபது, அறுபத்தைந்து டிகிரி சூடு போதும். குடலை எடுக்கும்போது மலக்குடல் முனையைக் கட்டிவிட்டுத்தான் இழுக்க வேண்டும். பித்தப்பையும் மூத்திரப்பையும் உடையக் கூடாது. பிறகு தொங்கவிட்டுக் காற்றாட வேண்டும். சூடு தணியாத இறைச்சியைப் பிளாஸ்டிக் கவரில் திணித்துப் பைக்கில் மாட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். தொடைச் சந்தில் எலும்பை ஒட்டித்தான் முதலில் அழுகத் தொடங்கும், வெளியில் தெரியாது. நம்மூர் வெக்கையில் அதற்கு ஒரு பகல் கூட வேண்டாம்.

கிணற்றில் செத்த பன்றிக்கு இதில் எது நடந்தது? எப்போது விழுந்தது என்று யாருக்கும் தெரியாது. ஒரு துளி இரத்தம் வடியவில்லை. வயிறு மத்தளம் போல உப்பியிருந்தது. கவட்டுத் தோலில் பச்சை படர்ந்திருந்தது. மஞ்சளும் மிளகும் போட்டு வேகவைத்தால் சரியாகிவிடும் என்று ஒரு பெரியவர் சொன்னார். கெட்டதை மசாலா திருப்பித் தராது. அதிலும் அது காயடிக்காத முதிர்ந்த ஆண். வீட்டுப்பன்றியிலேயே ஆண்பன்றி இறைச்சியில் அடிக்கும் வாடைக்குப் பயந்துதான் குட்டியிலேயே காயடிக்கிறோம்.

புழு இன்னொரு சங்கதி. காட்டுப்பன்றித் தசையில் டிரைக்கினெல்லா என்ற உருளைப்புழுவின் குஞ்சுகள் இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாது. பிரீசரில் வைத்தால் செத்துவிடும் என்று நம்புகிறார்கள். காட்டு விலங்குகளில் இருக்கும் சில வகைகள் உறைபனியையும் தாங்கும். துண்டின் நடுப்பகுதி 71 டிகிரி சூடாகும்வரை வேக வேண்டும். வீட்டுப்பன்றியையும் நான் அப்படித்தான் வேகவைக்கிறேன், தேங்காய்க்கொத்து போட்டு வறட்டுவது அதற்குப் பிறகுதான்.

நான் கை வைக்காததற்குப் பெரிய காரணம் என் கொட்டில். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2020இல் வடகிழக்கில் வந்தது. 2022இல் வயநாட்டுப் பண்ணைகளுக்கு வந்தது. 2023 தொடக்கத்தில் முதுமலைக் காட்டுப்பன்றிகளே அதில் செத்தன. மனிதனுக்கு ஒட்டாது, ஆனால் பன்றிக்கு வந்தால் மருந்து கிடையாது. ஒரு பண்ணையில் உறுதியானால் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள பன்றிகளையெல்லாம் கொன்று புதைக்கிறார்கள். காட்டுப்பன்றியின் இரத்தம் பட்ட செருப்போடு நான் கொட்டிலுக்குள் போனால், பிள்ளைகளின் படிப்புச் செலவு அதோடு போய்விடும். யாராவது பங்கு வாங்கிக் கழிவை என் வேலியோரம் போட்டாலும் அதே கதைதான்.

அன்று வனக்காவலரும் கால்நடை மருத்துவரும் வரும்போது உச்சிவெயில். காரணம் கல்லேற்றிக் கேரளம் போகும் லாரிகள். சாலையை அடைத்துக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். மலையை உடைத்து அனுப்புகிறோம், உடைந்த சாலை நமக்கு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்தச் சக்கரங்களுக்கு இடையில் சைக்கிள் ஓட்டுகிறார்கள். ஒரு விவசாயி பன்றியைத் தொட்டால் சட்டம் இரவோடிரவாக வரும். இதற்கு வராதா? கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று தெரியும். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மருத்துவர் உடற்கூராய்வு செய்து ஆழக் குழி தோண்டிப் புதைக்கச் சொன்னார். குழி தோண்டியவர்களில் நானும் ஒருவன்.

இதற்காக வனத்துறைக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். 2025 ஜனவரியில் தமிழக அரசு ஓர் ஏற்பாடு அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது, ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், மூன்றுக்கு அப்பால் வனத்துறையே சுடும். காட்டோரத்தில் இருக்கிற நாம்தான் அதிகம் இழக்கிறோம், நமக்குத்தான் ஒன்றும் இல்லை. இது அநியாயம், கூட்டம் போட்டுக் கேட்க வேண்டிய விஷயம். அதற்காகத் திருட்டு மின்கம்பியும் பன்றி வெடியும் வைக்காதீர்கள். இருட்டில் அந்தக் கம்பியை முதலில் மிதிக்கப்போவது பால்வெட்டுத் தொழிலாளி. வெடியைக் கடித்து வாய் சிதறுவது அண்டைவீட்டுப் பசு.

நீங்கள் உடனே செய்ய வேண்டியது, உங்கள் விளை காப்புக்காட்டு எல்லையிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று வனச்சரக அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குவது. சேதமான மரச்சீனி மூடுகளை அப்புறப்படுத்தும் முன்பே படமெடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் காட்டி, இழப்பீட்டுக்கு அன்றைக்கே மனுக் கொடுங்கள். தாமதித்தால் பன்றிதான் கிண்டியது என்பதற்கு என்ன சாட்சி என்று கேட்பார்கள்.