டீசல் காரில் ஆட்புளூ தீர்ந்தால் நாமே ஊற்றலாமா?

தாராளமாக ஊற்றலாம். ஆட்புளூ, டெஃப் என்றெல்லாம் சொல்வது 32.5 சதவீதம் சுத்தமான யூரியாவும் மீதி தாது நீக்கிய தண்ணீரும் கலந்த திரவம்தான். டீசல் எரியும்போது வரும் நைட்ரஜன் ஆக்சைடு நுரையீரலுக்குக் கெடுதல், அதனால் சூடான புகைக்குழாயில் கார் இதைத் தெளிக்கிறது, அது அம்மோனியாவாக மாறி அந்த நச்சை வெறும் நைட்ரஜனாகவும் நீராவியாகவும் ஆக்கிவிடும். மீன் கழுவும்போது மஞ்சள் போட்டு வாடையை எடுக்கிற மாதிரி.

எஞ்சினை அணைத்துவிட்டு ஆட்புளூ டேங்கின் நீல மூடியைத் திறந்து, சுத்தமான புனல் வைத்து மெதுவாக ஊற்றுங்கள். வழிந்தால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், காய்ந்தால் வெள்ளையாகப் படியும்.

இது டீசலோடு கலக்கிற மருந்து என்று பலர் நினைக்கிறார்கள், இல்லவே இல்லை. தவறிப்போய் டீசல் டேங்கில் ஊற்றிவிட்டால் சாவியைக்கூடத் திருப்பாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.