டிரில் காட்சிக்கு அப்பால்: ஜொவான்னி லொம்பார்தோ ராதிச்சே பற்றி உங்கள் கேள்விகள்

இத்தாலிய ஹாரர் படம் பார்க்கிறவர்களுக்கு ஜான் மார்கன் என்ற பெயர் தெரிந்திருக்கும். உண்மைப் பெயர் ஜொவான்னி லொம்பார்தோ ராதிச்சே. 1954இல் ரோமில் பிறந்தவர், 2023 ஏப்ரலில் காலமானார். எனக்கு மிகவும் பிடித்த நடிகர் என்பதால்தான் கேள்வி கேளுங்கள் என்றேன். வந்தவற்றுக்குப் பதில் இதோ.

கேள்வி: அண்ணா, ஏன் பெயரை மாற்றிக்கொண்டார்? இந்த மாதிரிப் படங்களில் நடிப்பது வெட்கமாக இருந்ததா?

வெட்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அது அப்போதைய வியாபார வழக்கம். படத்தை அமெரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும் விற்க வேண்டும், போஸ்டரில் ஆங்கிலப் பெயர் இருந்தால் விற்பது சுலபம். இயக்குநர் அந்தோனியோ மார்கெரீத்தியே அந்தோனி டாசன் என்றுதான் பெயர் போட்டுக்கொண்டார். ஜொவான்னிக்கு ஆங்கிலத்தில் ஜான், அவ்வளவுதான். இன்னொன்று, அந்தக் கால இத்தாலியப் படங்களில் பெரும்பாலும் வசனத்தைப் பின்னால்தான் டப்பிங் செய்வார்கள். அதனால் ஆங்கிலப் பதிப்பில் கேட்கிற குரலை வைத்து இவரை எடை போடாதீர்கள், முகத்தைப் பாருங்கள்.

கேள்வி: அவர் தலையில் டிரில் இறங்கும் அந்தக் காட்சியை எப்படி எடுத்தார்கள்? இன்றைக்கும் கண்ணை மூடிக்கொள்கிறேன்.

லூச்சியோ ஃபுல்ச்சி இயக்கிய 'சிட்டி ஆஃப் த லிவிங் டெட்', 1980. எஃபெக்ட்ஸ் ஜீனோ தெ ரோஸ்ஸி ('ஸோம்பி 2' படத்துக்கு வேலை செய்த ஜான்னெத்தோ தெ ரோஸ்ஸி வேறு ஆள், பலர் குழப்பிக்கொள்கிறார்கள்). டிரில் உள்ளே போகும் இடத்தில் இருப்பது செயற்கைத் தலை. ஆனால் அந்தக் காட்சி நம்மை உலுக்குவதற்குக் காரணம் தலை இல்லை. ஊரில் நடக்கிற எல்லாக் கெட்டதுக்கும் ராதிச்சே நடித்த பாப் என்ற பையன்மேல்தான் பழி. அவன் யாரையும் ஒன்றும் செய்யவில்லை. ஒளிந்துகொள்ள இடம் தேடி வந்தவனை ஒரு பெண்ணின் அப்பா பிடித்துக்கொள்கிறார். இதெல்லாம் சில நிமிடங்கள்தான், அதற்குள் பயந்துபோன தெருநாய் மாதிரி ஒரு உடல்மொழியைக் கொண்டுவந்துவிட்டார் ராதிச்சே. அதனால்தான் டிரில் நம் தலையில் இறங்குகிற மாதிரி இருக்கிறது.

கேள்வி: பெரிய படிப்பாளிக் குடும்பம் என்கிறார்களே, உண்மையா சார்?

உண்மைதான். தாத்தா ஜுசெப்பே லொம்பார்தோ ராதிச்சே கல்வியியலில் பெரிய பெயர், அப்பா லூச்சியோ கணிதப் பேராசிரியர், கம்யூனிஸ்ட் கட்சிக்காரர். அம்மா வழித் தாத்தா சட்ட அறிஞர் அர்த்தூரோ கார்லோ யெமோலோ. ராதிச்சே நாடக மேடையிலிருந்து வந்தவர்.

கேள்வி: 'கேனிபல் ஃபெராக்ஸ்' பார்க்கலாமா?

என்னைக் கேட்டால் வேண்டாம். உம்பெர்த்தோ லென்சி அமேசான் காட்டில் எடுத்த 1981 படம், அதில் நிஜமாகவே விலங்குகளைக் கொன்றிருக்கிறார்கள். ஒரு பன்றிக்குட்டியைக் கொல்லச் சொன்னபோது ராதிச்சே முடியாது என்று நின்றுவிட்டார். பிற்காலப் பேட்டிகளில் இந்தப் படத்தில் நடித்ததற்கு வருந்துவதாக வெளிப்படையாகவே சொன்னார். ரசிகர்கள் கொண்டாடும் படத்தைப் பற்றி அந்த ரசிகர்களிடமே அப்படிச் சொல்ல மனசு வேண்டும். இதுவும், முதல் படமான 'த ஹவுஸ் ஆன் த எட்ஜ் ஆஃப் த பார்க்'கும், 'கேனிபல் அபோகலிப்ஸ்'உம் எண்பதுகளில் இங்கிலாந்தில் ஆபாசமானவை என்று வழக்குப் போடத் தயாரித்த வீடியோ பட்டியலில் இருந்தன. மூன்றும் ஒரே ஆள் நடித்தவை!

கேள்வி: எண்பதுகளுக்குப் பிறகு என்ன ஆனார்?

தனியார் டிவி வந்து தியேட்டர் கூட்டம் குறைய, இத்தாலியில் இந்த வகைப் படங்களே மெல்ல மெல்ல நின்றுபோயின. இயக்குநர் மிக்கேலே சொவாவி மட்டும் இவரை விடவில்லை: 'ஸ்டேஜ்ஃபிரைட்' (1987), 'த சர்ச்' (1989), 'த செக்ட்' (1991). அப்புறம் அமெரிக்க இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செஸி ரோமில் 'கேங்ஸ் ஆஃப் நியூயார்க்' எடுத்தபோது அதில் வரும் மேடை நாடகத்தில் ஒரு சின்ன வேடம். 2006 'ஓமன்' படத்தில் ஸ்பிலெத்தோ என்ற பாதிரியார்.

கேள்வி: ஒரே ஒரு படம் பார்க்கச் சொன்னால் எது அண்ணா?

நடிப்புக்கு என்றால் முதல் படத்தின் ரிக்கி. பணக்காரர்கள் விருந்தில் அவனை ஆடவிட்டுச் சிரிக்கிறார்கள், சீட்டாட்டத்தில் ஏமாற்றுகிறார்கள், தன்னைக் கேலி செய்கிறார்கள் என்றே புரியாமல் அவன் சந்தோஷப்படுகிறான். ஆனால் அதில் பாலியல் வன்முறை அதிகம், எல்லாருக்கும் சிபாரிசு செய்ய மனசு வரவில்லை. அதனால் 'கேனிபல் அபோகலிப்ஸ்' என்கிறேன். அதுவும் ரத்தக்களரிதான், தெரிந்தே உட்காருங்கள். வியட்நாமிலிருந்து மனித மாமிச வெறியோடு திரும்பிய சிப்பாய் வேடம். தியேட்டரில் ஒரு பெண்ணைக் கடித்துவிட்டு ஓடி, துப்பாக்கியோடு ஒரு கட்டடத்துக்குள் அடைந்துகொள்கிறான், போலீஸ் சுற்றி வளைக்கிறது. அவனுடைய பழைய கமாண்டர் (நடிகர் ஜான் சாக்ஸன்) தனியாக உள்ளே போய்ப் பேசுகிறார். அந்தக் காட்சியில் சாக்ஸனைப் பார்க்காதீர்கள், எதிரே கேட்டுக்கொண்டிருக்கிறவரைப் பாருங்கள்.