இடிபடும் வீடுகளும் கேமராவும் (கடிதம்)

அன்புள்ள ஐயா,

நான் அல்சூர்க்காரன். எங்கள் பக்கமும் மர்ஃபி டவுன் பக்கமும் பழைய வீடுகளை ஒவ்வொன்றாக இடிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போடுகிறேன். சமீபத்தில் ஒரு வீட்டுப் பெரியவர், "சாவு வீட்ல போட்டோ புடிக்க வந்துட்டியாப்பா?" என்று கேட்டுவிட்டார். அதிலிருந்து கேமராவைத் தொடவே கூச்சமாக இருக்கிறது. இடிப்பதைத் தடுக்க நம்மால் முடியாது. அப்புறம் படம் எடுத்து என்ன பயன்? நான் செய்வது தப்பா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பெங்களூரு

*

அன்புள்ள நண்பருக்கு,

தப்பே இல்லை. விடாமல் எடுங்கள். ஒரு வீட்டை எப்படிக் கட்டினார்கள், அதற்குள் எப்படி வாழ்ந்தார்கள் என்பது வெளியே தெரிவது அது இடிபடும் அந்தச் சில நாட்களில்தான். அதற்கு முன்னால் பூச்சு மறைத்திருக்கும். அதற்குப் பின்னால் ஒன்றுமே இருக்காது.

நம் கன்டோன்மென்ட் பகுதி வீடுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். கூரையைப் பாதி உடைத்த இடத்தில் மெட்ராஸ் டெரஸ் என்ற பழைய முறைத் தளத்தின் வெட்டுமுகம் அப்படியே தெரியும். கீழே தேக்கு உத்திரங்கள். அவற்றின்மேல் மெல்லிய செங்கற்களைக் குத்தாக நிறுத்தி, மூலைவாட்டில் அடுக்கி, சுண்ணாம்புக் காரையில் பிடித்திருப்பார்கள். அதற்கும் மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்து அடித்து இறுக்கிய தளம். இதைப் போடத் தெரிந்த கொத்தனாரை இன்று தேடித்தான் பிடிக்க வேண்டும். நேராக நின்று தெளிவாக எடுத்த ஒரே ஒரு படம் போதும், கட்டடக்கலை படிக்கிற பிள்ளைக்கு அது பாடமாகிவிடும். அடுத்து, பக்கச் சுவர். ஒட்டிக் கட்டிய வீடு போனதும் மிச்சம் நிற்கும் சுவரில் மாடிப்படி ஏறிய தடம் சாய்வாகத் தெரியும். ஓர் அறைக்குப் பச்சை, அடுத்த அறைக்கு நீலம். அடுப்படி இருந்த இடம் முழுக்கக் கரி. சாமி மாடத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் குங்குமமும் போகாமல் இருக்கும். வருஷக்கணக்கில் காலண்டர் தொங்கிய சதுரத்தில் மட்டும் வண்ணம் வெளுக்காமல் இருக்கும். அந்தச் சுவரை விட்டுவிட்டு வரவே வராதீர்கள்.

பெரும்பாலானவர்கள் ஜேசிபி வந்த பிறகுதான் கேமராவோடு போகிறார்கள். அதற்குள் பாதி வீடு லாரி ஏறியிருக்கும். இடிக்க எடுக்கிற காண்ட்ராக்டருக்கு வரும்படியே பழைய தேக்கிலும் ஜன்னலிலும் இரும்பிலும் ஓட்டிலும்தான். அதனால் முதல் நாள் ஆட்கள் வந்து கையாலேயே கழற்றுவார்கள். ஜன்னலுக்கு மேலே கூம்பி நிற்கும் மரமுகப்பை மங்கி டாப் என்கிறோமே, அது அன்றைக்கே போய்விடும். கழற்றுகிற அந்த நாளில் போங்கள். இறக்கி அடுக்கிய ஓடுகளில் ஒன்றைத் திருப்பிப் பார்த்தால் செய்த தொழிற்சாலையின் முத்திரை இருக்கும். மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பின் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865இல். அதன்பின் வேறு தொழிற்சாலைகளும் வந்தன. அந்த வீட்டு ஓடு எங்கிருந்து வந்தது என்று அந்த முத்திரை சொல்லிவிடும். வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது எடுத்தால் எழுத்து நன்றாக எழும்பும்.

பயன் என்ன என்று கேட்டீர்கள். 1875இல் லண்டனில் 'ஆக்ஸ்ஃபோர்டு ஆர்ம்ஸ்' என்ற பழைய சத்திரம் இடிபடப் போகிறது என்று தெரிந்ததும் சிலர் சேர்ந்து அதைப் படம் எடுக்க ஏற்பாடு செய்தார்கள். அதிலிருந்து ஒரு சங்கமே உருவாகி, 1886 வரை 120 படங்கள் வெளியிட்டது. சத்திரத்தை அவர்களால் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் வெளிறிப் போகாத கார்பன் முறையில் அச்சிட்டார்கள். பின்னாளில் ஒவ்வொரு படத்துக்கும் விளக்கம் எழுதிச் சேர்த்தார்கள். அதனால்தான் அவை இன்றும் ஆய்வாளர்களுக்குப் பயன்படுகின்றன.

பழைய பங்களாக்களோடு நிறுத்திவிடவும் கூடாது. டெல்லி பிரகதி மைதானத்தில் 1972இல் எழுந்த ஹால் ஆஃப் நேஷன்ஸ் என்ற கண்காட்சிக் கூடம், ராஜ் ரேவல் வடிவமைத்தது, மகேந்திர ராஜ் பொறியாளர். கான்கிரீட்டை அங்கேயே வார்த்துக் கோத்த அபாரமான கட்டடம். 60 வயது ஆகாததைப் பாரம்பரியக் கட்டடமாக எடுத்துக்கொள்ள முடியாது என்று அங்குள்ள பாரம்பரியப் பாதுகாப்புக் குழு சொல்லிவிட்டது. 2017 ஏப்ரலில் இடித்துவிட்டார்கள். எனக்கு இன்றும் ஆறவில்லை. நம் ஊரிலும் எழுபதுகளில் கட்டிய குவார்ட்டர்ஸ், சினிமா தியேட்டர் எதையும் யாரும் பழசாகவே மதிப்பதில்லை. அவைதான் படமே இல்லாமல் போகின்றன.

அந்தப் பெரியவர் விஷயத்துக்கு வருகிறேன். அவர் கோபம் நியாயமானது. விற்றவருக்கும் வலிக்கும். அண்ணன் தம்பி பாகப் பிரிவினையோ, மருத்துவச் செலவோ, எது அந்த வீட்டை விற்க வைத்தது என்று தெருவில் நிற்கிற நமக்குத் தெரியாது. முதலில் கேமராவைப் பையில் வைத்துவிட்டுப் பேசுங்கள். "தாத்தா, இது எந்த வருஷம் கட்டுன வீடு?" என்று கேட்டால் பெரும்பாலும் அவரே உள்ளே கூட்டிப்போய்க் காட்டுவார். வேண்டாம் என்றால் வந்துவிடுங்கள். எடுத்த படங்களில் நல்லதாக நாலைந்தைப் பிரிண்ட் போட்டு அவர் கையில் கொடுங்கள். செல்போனில் அனுப்பினால் போதாது. இடிக்கிற தொழிலாளர்களையும் கேட்டுவிட்டே எடுங்கள். ஹெல்மெட்கூட இல்லாமல் சுவர்மேல் நின்று கடப்பாரை போடுகிறார்களே, அதுவும் இந்த நகரத்தின் வரலாறுதான்.

இன்னொன்று, கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது. பாதி இடித்த கட்டடத்துக்குள் தனியாகப் போகாதீர்கள். சிகாகோவில் ரிச்சர்ட் நிக்கல் என்ற புகைப்படக்காரர் இடிபடும் கட்டடங்களைப் படம் எடுத்தும் அவற்றின் அலங்கார வேலைப்பாடுகளைச் சேகரித்தும் வந்தார். 1972 ஏப்ரலில் பழைய பங்குச்சந்தைக் கட்டடத்துக்குள் போனவர் இடிபாட்டில் சிக்கி இறந்தார். வாரக்கணக்கில் தேடித்தான் உடலை எடுத்தார்கள். புழுதியும் லேசானதல்ல. நல்ல முகக்கவசம் இல்லாமல் நிற்காதீர்கள்.

கடைசியாக, இன்ஸ்டாகிராமை மட்டும் நம்ப வேண்டாம். அங்கே படம் சுருங்கிவிடும், தேடினாலும் கிடைக்காது. அசல் கோப்புகளை இரண்டு இடத்தில் வையுங்கள். ஒவ்வொன்றோடும் தெரு, கதவு எண், தேதி, வீட்டுக்காரர் சொன்ன விவரம் எல்லாவற்றையும் தமிழிலும் கன்னடத்திலும் எழுதிச் சேருங்கள். கன்னடத்தில் எழுத உதவி வேண்டுமென்றால் எனக்கே அனுப்புங்கள், செய்து தருகிறேன்.

அன்புடன்.