எரேமியா 29:11 கனடா விசாவுக்கான வாக்குறுதியா?

இல்லை. ‘உங்கள்பேரில் நான் நினைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே’ என்று கர்த்தர் சொல்லும் வசனம் அது. புத்தாண்டு ஆராதனையில் அந்த வருடத்துக்கான வாக்குறுதி என்று உங்கள் கைக்கு வந்த இந்த வசன அட்டையை வைத்து, கனடா விசா உறுதி என்று வேலையை விடாதீர்கள். உங்கள் அப்பா அதை இஸ்ரவேலருக்குச் சொன்னது என்கிறார், உங்கள் பாஸ்டர் உரிமை கொண்டாடச் சொல்கிறார், யார் சரி என்று கேட்டிருந்தீர்கள். யாருக்கு எழுதியது என்பதில் அப்பா சரி.

ஆனால் சிக்கல் அப்பாவின் சிஎஸ்ஐ சபைக்கும் பாஸ்டரின் பெந்தெகொஸ்தே சபைக்கும் நடுவில் இல்லை என்று நினைக்கிறேன். கனடா ஆசை முதலில் வந்தது, வசனம் அப்புறம் வந்தது.

இன்று இரவே எரேமியா 28, 29 இரண்டு அதிகாரங்களையும் ஒரே மூச்சில் வாசியுங்கள். யூதா ஜனத்தில் பலர் தண்டனையாகப் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போயிருந்த காலம் அது. இரண்டே வருடத்தில் எல்லாம் திரும்பி வரும் என்று பொய்த் தீர்க்கதரிசி அனனியா சொல்கிறான். கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது. சிறைப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதமோ பாபிலோனிலேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், எழுபது வருடம் ஆகும் என்கிறது. கேட்டவர்களில் பலர் ஊர் திரும்பியே இருக்க மாட்டார்கள். 8ஆம் வசனத்தில் சற்று நில்லுங்கள்: சிறைப்பட்டவர்கள் தாங்களே பிறரைக் காண வைத்த சொப்பனங்களுக்குச் செவிகொடுக்க வேண்டாம் என்கிறார் கர்த்தர்.

இன்னொன்று. அதே அட்டையில் ஆதியாகமம் 26:2, அதாவது ஈசாக்கை எகிப்துக்குப் போகாதே என்று தடுத்த வசனம் வந்திருந்தால், விண்ணப்பத்தை ரத்து செய்திருப்பீர்களா? மனதைத் தொட்டுச் சொல்லுங்கள்.

இதனால் அந்த வசனத்தில் உங்களுக்கு ஒன்றுமே இல்லை என்று ஆகிவிடாது. தண்டனைக் காலத்திலும் தம் ஜனத்தைக் கைவிடாத கர்த்தர் அங்கே தெரிகிறார், அதைப் பிடித்துக்கொண்டு ஜெபியுங்கள். கனடா போவதும் தவறில்லை. கடன், வேலை, அம்மாவின் உடல்நிலை இவற்றை அப்பாவோடு உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள்.